சோலார் பேட்டரியை ராத்திரியே நிரப்பி வைக்காதீர்கள்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டைக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊரில் அன்று தென்னைகள் முறிந்து விழுந்த சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. விடிந்து வெளியே வந்து பார்த்தால் தெருவில் ஒரு மின்கம்பம்கூட நேராக நிற்கவில்லை. கரண்ட் திரும்பி வர 22 நாள் ஆனது. வீட்டில் ஒரு சின்ன இன்வர்ட்டரும் ஒரு பேட்டரியும் இருந்தன, மறுநாள் மாலையோடு அந்த பேட்டரி தீர்ந்தது, அதைத் திரும்ப ஏற்றுவதற்கு எங்கே போவது? அப்பா தினமும் இன்சுலின் போட்டுக்கொள்பவர். ஃப்ரிட்ஜ் நின்றதும் மருந்துப் புட்டிகளை ஈரத்துணியில் சுற்றி மண்பானைக்குள் வைத்தோம். வாடகை ஜெனரேட்டரை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்து வீடு வீடாக மோட்டார் ஓட்டி டேங்க் நிரப்பிக் கொடுத்தார்கள். அந்த அரை மணி நேரத்துக்குள் செல்போன், டார்ச் எல்லாவற்றையும் சார்ஜ் போட்டுக்கொள்ள வேண்டும்.

புயல் போன மூன்றாம் நாளே வெயில் பிரமாதமாக அடித்தது. மொட்டை மாடியில் நின்றுகொண்டு இவ்வளவு வெயிலும் வீணாகப் போகிறதே என்று நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. 2019 மே மாதம் சோலார் போட்டுவிட்டோம்.

போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியிருந்தேன். ஆறு மாதம் தவறான செட்டிங்கில் ஓட்டி, கரண்ட் பில்லும் குறையாமல், பேட்டரியும் பாதி கெட்டு, அப்புறம்தான் விஷயம் பிடிபட்டது. பேனலைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். பேட்டரியை எப்போது, எதிலிருந்து, எவ்வளவு வேகத்தில் ஏற்ற வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. அதற்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில் எங்கள் வீட்டில் இருப்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன். 330 வாட் பேனல் ஒன்பது, அதாவது சுமார் 3 கிலோவாட். 5 கேவிஏ இன்வர்ட்டர், 48 வோல்ட். தொடங்கும்போது 12 வோல்ட் 150 ஆம்பியர்-ஹவர் டியூபுலர் பேட்டரி (ஈயத்தகடும் ஆசிட்டும் உள்ள லெட்-ஆசிட் வகை) நான்கு, வரிசையாக இணைத்தது. கணக்குப்படி மொத்தம் 7.2 யூனிட் பிடிக்கும், ஆனால் லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுசு குறையும் என்பதால் கையில் இருப்பது 3.6 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்வாரிய லைனும் இதே இன்வர்ட்டருக்குள் வருகிறது. மிச்ச கரண்டை லைனுக்குத் திருப்பி அனுப்பும் நெட் மீட்டர் வகை இது கிடையாது. படுக்கையறை ஏசி மட்டும் நேரடியாக லைனில் இருக்கிறது, மற்றதெல்லாம் இன்வர்ட்டர் வழியாக.

மாட்டிக் கொடுக்க வந்த தம்பி போகும்போது, "சார், எல்லாம் செட் பண்ணிட்டேன், நீங்க எதையும் தொட வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் தொடவில்லை. சோலாருக்கு முன்னால் இரண்டு மாதத்துக்கு 560 யூனிட் ஓடிக்கொண்டிருந்த வீடு, சோலார் போட்ட பிறகு வந்த முதல் கணக்கில் 590 காட்டியது. மீட்டர் பழுதோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். ஒரு நாள் மதியம் பன்னிரண்டரை மணிக்கு, மாடித்தரையில் கால் வைக்க முடியாத வெயில், இன்வர்ட்டர் முன்னால் போய் நின்று பொத்தானை அழுத்தி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சோலாரிலிருந்து வருவது 60 வாட். மூவாயிரம் வாட் பேனல் அறுபது வாட் கொடுக்கிறது!

பேனலில் குறையே இல்லை. வீடு முழுக்க லைன் கரண்டில் ஓடிக்கொண்டிருந்தது, பேட்டரியோ நிரம்பிக் கிடந்தது. சாப்பிட்டு எழுந்தவனுக்கு மறுபடி இலை போட்ட மாதிரி, வெயில் வந்து நிற்கிறது, வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. அந்த இன்வர்ட்டரே எந்நேரமும் 50 வாட் தின்னும், அது ஒரு நாளைக்கு 1.2 யூனிட். பில் ஏறியதற்குக் காரணம் அதுதான்.

இந்த வகை இன்வர்ட்டரில் இரண்டு கேள்விகள் தனித்தனியாக இருக்கின்றன, இதைப் பிரித்துப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. வீட்டுக்குக் கரண்ட் எதிலிருந்து போக வேண்டும் என்பது ஒன்று. பேட்டரிக்குச் சார்ஜ் எதிலிருந்து ஏற வேண்டும் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு எங்கள் வீட்டில் 'லைன் முதலில்' என்று வைத்திருந்தார்கள், அதாவது லைன் கரண்ட் போனால் மட்டுமே சோலாரும் பேட்டரியும் வேலைக்கு வரும். அதை மாற்றி முதலில் சோலார், போதாவிட்டால் பேட்டரி, அதுவும் இறங்கினால் லைன் என்கிற வரிசைக்குக் கொண்டுவந்தேன். திரையில் எஸ்பியு என்று வரும். அன்று மதியமே பேனல் 1,400 வாட் கொடுத்தது. பிரச்சினை தீர்ந்தது என்று சந்தோஷமாகப் படுத்தேன்.

அடுத்த பில் 505. ஐந்து யூனிட்டில் 500-ஐத் தாண்டியதில் மனசு வெறுத்துவிட்டது. நம் ஊர் வீட்டுக் கட்டணத்தில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் அடுக்கின் மலிவு விலை கிடைக்காமல் போய்விடும், தாண்டிய ஐந்து யூனிட்டுக்கு மட்டும் கூடுதலாகக் கட்டுவது என்று நினைத்துவிடாதீர்கள். சரி, பகல் முழுக்க சோலாரில் ஓடியும் இவ்வளவு எப்படி வந்தது? இரவில் ஏதோ நடக்கிறது என்று மட்டும் தோன்றியது. ஒரு நாள் அலாரம் வைத்துக்கொண்டு ராத்திரி இரண்டரைக்கு எழுந்து போய்ப் பார்த்தேன். இருட்டில் அந்தச் சின்னத் திரை நீலமாக எரிகிறது, பேட்டரி படத்துக்குள் கோடுகள் கீழிருந்து மேலே ஏறி ஏறி மறைகின்றன. சார்ஜ் ஏறுகிறது என்று அர்த்தம். நள்ளிரவில் ஏது சூரியன்?

இரண்டாவது கேள்விக்கு 'சோலார் முதலில்' என்று வைத்திருந்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதன் உண்மையான பொருள், சோலார் இருந்தால் சோலாரில் ஏற்று, சோலார் இல்லாத நேரத்தில் லைனிலிருந்து ஏற்று என்பது. பேட்டரி ராத்திரி இரண்டு மணிக்கு நன்றாக இறங்கியதும் வீடு லைனுக்கு மாறும், மாறிய நொடியே லைனிலிருந்து 30 ஆம்பியரில் சார்ஜ் ஏற ஆரம்பிக்கும். மூன்று மணி நேரத்தில் 54 வோல்ட் வந்துவிடும், வீடு மறுபடி பேட்டரிக்குப் போகும். காலை ஏழு மணிக்கு வெயில் மாடிக்கு வரும்போது பேட்டரியில் பெரிதாக இடமே இருக்காது. அதற்குள் காசு கொடுத்து வாங்கிய ஐந்து யூனிட் உள்ளே போயிருக்கும்.

காசு மட்டுமா? லைனில் வரும் ஏசி (மாறுதிசை) கரண்டை டிசி (நேர்திசை) ஆக்கிப் பேட்டரியில் போட்டு, மறுபடி அதை ஏசி ஆக்கி எடுப்பதில் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் சூடாகப் போய்விடும். லெட்-ஆசிட் பேட்டரியில் போட்ட கரண்டில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு உள்ளேயே தொலையும். ஒரு யூனிட் வாங்கி உள்ளே வைத்தால் திரும்பக் கிடைப்பது முக்கால் யூனிட்டுக்குப் பக்கம்தான். லைன் கரண்ட் இருக்கும்போது ஃபேனை நேரடியாக லைனிலேயே ஓட்டுவது அதைவிட மேல்.

அப்போதுதான் ஒரு விஷயத்தை மனசில் ஆணி அடித்தது போல இறக்கிக்கொண்டேன். காலையில் பேட்டரியில் இடம் இருக்க வேண்டும், மாலையில் பேட்டரி நிரம்பியிருக்க வேண்டும். எந்த செட்டிங்கை மாற்றும்போதும் இந்த இரண்டுக்கும் உதவுகிறதா என்று மட்டும் பார்த்தேன். சார்ஜை 'சோலார் மட்டும்' என்று மாற்றினேன். அடுத்த பில் 190 யூனிட், அதிலும் பெரும்பகுதி படுக்கையறை ஏசி.

இதற்கு நடுவில் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது. பேட்டரிகளுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறை டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டியிருந்தது, மிதவையில் சிவப்புக் கோடு கீழே போய்க்கொண்டே இருந்தது. மதிய நேரத்தில் பேட்டரியின் பக்கவாட்டில் கை வைத்தால் சுடும், அறைக்குள் நுழைந்தால் புளித்த காட்டம் மூக்கில் ஏறும். ஊரில் நாற்பது வருஷமாக பேட்டரி வேலை பார்க்கும் ஒரு அண்ணனைக் கூட்டிவந்து காட்டினேன். மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, "இவ்வளவு தண்ணி குடிக்குதுன்னா உள்ள கரண்டு வேகமா போகுதுன்னு அர்த்தம் தம்பி, எத்தனை ஆம்பியர் வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பார்த்தால் 60 ஆம்பியர். கம்பெனியிலிருந்து வந்தபடியே விட்டிருக்கிறார்கள். டியூபுலர் பேட்டரிக்கு அதன் ஆம்பியர்-ஹவரில் பத்தில் ஒரு பங்கு என்பது பழைய கணக்கு, 150-க்கு 15 ஆம்பியர். அதிகபட்சம் ஐந்தில் ஒரு பங்கு, 30. நான்கு பேட்டரி இருக்கிறதே, நான்கு மடங்கு ஏற்றலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். வரிசையாக இணைத்தால் வோல்ட்தான் கூடும், ஆம்பியர்-ஹவர் அதே 150தான். 20 ஆம்பியருக்குக் குறைத்தேன். தண்ணீர் ஊற்றுவது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஆனது.

அண்ணன் சொன்ன இன்னொன்றும் உண்மை. வெயில் காலத்தில் பேட்டரி அறையே 37, 38 டிகிரிக்குப் போகும், அப்போது சார்ஜ் வோல்டேஜைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். ஒரு டிகிரி கூடினால் ஒரு செல்லுக்கு (பேட்டரிக்குள் இருக்கும் 2 வோல்ட் அறைக்கு) 3 முதல் 5 மில்லிவோல்ட் என்பது கணக்கு. 48 வோல்ட் வரிசையில் 24 செல் இருக்கிறது, பத்து டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட ஒரு வோல்ட். நான் சாதாரணமாக 57.6 வோல்ட்டும், நிரம்பிய பிறகு தாங்கிப் பிடிக்கும் ஃப்ளோட்டுக்கு 54-ம் வைத்திருந்தேன். கத்திரியில் 56.8 ஆக்குவேன். விலை உயர்ந்த இன்வர்ட்டர்களில் இதற்கென்று ஒரு சென்சார் கம்பி வரும், பேட்டரி மேல் ஒட்டினால் அதுவே பார்த்துக்கொள்ளும். என்னுடையதில் இல்லை. உங்கள் பேட்டரிக்கு என்ன வோல்ட் என்பதை அதனுடன் வந்த தாளில் பார்த்து வையுங்கள், என் எண்ணை அப்படியே போட வேண்டாம்.

அந்த ஆவணி, புரட்டாசி மாதங்கள் நன்றாகவே போயின. ஒரு வெயில் நாளில் மூன்று கிலோவாட் பேனல் 12 யூனிட் கொடுக்கும். அம்மாதான் இதை என்னைவிட நன்றாகப் பிடித்துக்கொண்டார். மாவு அரைப்பது, துணி துவைப்பது, மோட்டார் போடுவது எல்லாவற்றையும் பதினொன்றிலிருந்து இரண்டு மணிக்குள் மாற்றிவிட்டார். ஒன்று முடிந்த பிறகுதான் இன்னொன்று போட வேண்டும் என்பதையும் யாரும் சொல்லாமலே செய்தார். ஒரு எச்பி மோட்டார் கிளம்பும் நொடியில் இழுக்கும் கரண்ட் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு, கிரைண்டரும் அதோடு சேர்ந்தால் பேட்டரியிலிருந்து சட்டென்று இழுத்துவிடும்.

சின்னதாக ஒரு தொல்லை மட்டும் மாலை நேரத்தில் வந்தது. எங்கள் பக்கம் பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் 165-க்கு இறங்கும். இன்வர்ட்டர் 170-க்குக் கீழே வந்தால் லைனே இல்லை என்று எடுத்துக்கொள்ளும். பேட்டரி இறங்கிப் போய் வீடு லைனுக்கு மாற வேண்டிய நேரத்தில் மாறாமல் பேட்டரியையே இன்னும் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. உள்ளீட்டு வரம்பை அகலமானதாக, 90 வோல்ட்டிலிருந்து ஏற்கும்படி மாற்ற ஒரு செட்டிங் இருக்கிறது. அப்படி மாற்றினால் ஃப்ரிட்ஜுக்கு லோ வோல்டேஜ் போகுமே என்று யோசித்து, ஃப்ரிட்ஜுக்கு மட்டும் ஸ்டெபிலைசர் போட்டோம். கிராமத்தில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஐப்பசி பிறந்தது. வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் எங்கள் பக்கம் சூரியனைப் பார்க்கவே நாளாகும், பன்னிரண்டு யூனிட் கொடுத்த பேனல் சில நாள் இரண்டு யூனிட்கூடக் கொடுக்கவில்லை. 'சோலார் மட்டும்' என்று வைத்திருந்ததால் லைன் கரண்ட் 24 மணி நேரமும் இருந்தும் பேட்டரிக்கு ஒரு சொட்டு ஏறவில்லை. பகலில் கொஞ்சம் ஏறும், மாலை ஏழு மணிக்குள் அது தீரும், பாதிக்கும் கீழே அப்படியே கிடக்கும். மூன்று வாரம் இப்படியே போனது. பில் குறைவாக வருகிறது என்று நான் பாட்டுக்கு இருந்தேன்.

கார்த்திகை தொடக்கத்தில் ஒரு ராத்திரி இடியோடு கரண்ட் போனது. நாற்பது நிமிஷத்தில் இன்வர்ட்டர் கத்த ஆரம்பித்து வீடு இருட்டானது. அப்பாவின் மருந்து ஃப்ரிட்ஜில். ஒரு வருஷத்துக்கு முன்னால் என்ன நடக்கக் கூடாது என்று இத்தனை செலவு செய்தோமோ அதே நடந்தது. மறுநாள் ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் வாங்கி வந்து 24 செல்லையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கண்ணாடிக் குழாய்க்குள் ஆசிட்டை உறிஞ்சினால் உள்ளே இருக்கும் மிதவை எந்தக் கோட்டில் நிற்கிறது என்று கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்க்க வேண்டும். நன்றாக நிரம்பிய டியூபுலர் செல்லில் 1.240 காட்ட வேண்டியது, என்னுடையதில் பல செல்கள் 1.180, சில அதற்கும் கீழே. மிதவை குழாயின் அடியில் போய் உட்கார்ந்திருந்ததைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

பேட்டரி இறங்கும்போது தகடுகளில் ஈயச் சல்பேட் படிகிறது, சீக்கிரம் முழுசாக ஏற்றினால் கரைந்துவிடும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் அது கட்டியாக இறுகி, அப்புறம் அந்த இடம் கரண்டைப் பிடிக்காது. லெட்-ஆசிட் பேட்டரியை அதிகமாக இறக்குவதைவிட, இறக்கியபின் நிரப்பாமல் வைத்திருப்பதுதான் கெடுதல். லைனிலிருந்து 10 ஆம்பியரில் மெதுவாக இரண்டு நாள் ஏற்றி, ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு, கொஞ்சம் கூடுதல் வோல்ட்டில் ஏற்றி எல்லா செல்லையும் சமப்படுத்தும் ஈக்குவலைசேஷன் கொடுத்தோம். மணிக்கு ஒரு முறை அளந்து, அடுத்தடுத்து மூன்று அளவு மாறாமல் நின்ற பிறகு நிறுத்தினோம். 21 செல் திரும்பி வந்தது. மூன்று செல் 1.215-க்கு மேல் கடைசி வரை ஏறவே இல்லை.

அதிலிருந்து வருஷத்தைக் காலமாகப் பிரித்துக்கொண்டேன். தை பிறந்து வானம் தெளிந்ததிலிருந்து புரட்டாசி வரைக்கும் சார்ஜ் சோலாரில் மட்டும், 48 வோல்ட்டில் வீடு லைனுக்கு மாறும். கம்பெனி வைத்திருந்த 46 என்பது ஒரு பேட்டரிக்கு 11.5 வோல்ட், தினமும் அவ்வளவு ஆழம் போவது நல்லதில்லை. ஐப்பசி முதல் மார்கழி வரைக்கும் சோலாரும் லைனும் சேர்ந்து ஏற்றும், ஆனால் லைனுக்கு 10 ஆம்பியர் மட்டும், வீடு 50 வோல்ட்டிலேயே லைனுக்கு மாறிவிடும். அதாவது மழைக்காலத்தில் பேட்டரியின் பெரும்பகுதி கரண்ட் போகும் நேரத்துக்கான சேமிப்பு. அந்த மூன்று மாதத்தில் பில் கொஞ்சம் கூடும், கூடட்டும். லைனுக்கு 30 ஆம்பியர் ஏன் வைக்கக் கூடாது என்றால், அது 1,500 வாட்டுக்கு மேல் இழுக்கும். நீண்ட நேரம் கழித்துக் கரண்ட் வரும் அந்த நிமிஷத்தில் ஊரே ஃப்ரிட்ஜையும் மோட்டாரையும் போடும், நம் சார்ஜரும் அதில் சேர்ந்துகொண்டால் வோல்டேஜ் எங்கே நிற்கும்?

பேட்டரி போதவில்லை என்று இன்னும் இரண்டு வாங்க நினைப்பவர்கள் முதலில் ராத்திரிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் நான்கு பழைய ஃபேன், ஒவ்வொன்றும் 75 வாட், ஒன்பது மணி நேரம் ஓடினால் 2.7 யூனிட். அதைக் குறைந்த கரண்டில் ஓடும் பிஎல்டிசி ஃபேனாக மாற்றினோம், 28 வாட். அதே ஒன்பது மணி நேரத்துக்கு ஒரு யூனிட். ஃப்ரிட்ஜ், லைட், டிவி, இன்வர்ட்டர் தின்பது எல்லாம் சேர்த்து ராத்திரி 4.5 யூனிட்டாக இருந்தது 2.8-க்கு வந்தது. ராத்திரி இரண்டு மணிக்குத் தீர்ந்த அதே பேட்டரி விடிகிற வரைக்கும் தாங்கியது. நான்கு ஃபேன் வாங்கிய காசுக்கு இரண்டு நல்ல டியூபுலர் பேட்டரி வராது.

2024 கோடையில் அந்தப் பழைய பேட்டரிகள் ஓய்ந்துவிட்டன, ஐந்து வருஷம் உழைத்தன. அடி வாங்கிய மூன்று செல்லை வைத்துக்கொண்டு அவ்வளவு வந்ததே பெரிது. இப்போது இருப்பது லித்தியம் அயர்ன் பாஸ்பேட், 51.2 வோல்ட் 100 ஆம்பியர்-ஹவர், 5.12 யூனிட். தண்ணீர் வேண்டாம், வாடை இல்லை, வேகமாகவும் ஏற்றலாம். போட்ட கரண்டில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கிறது. பாதியில் கிடந்தாலும் லெட்-ஆசிட் மாதிரி கெடாது, எனக்குப் பெரிய நிம்மதி இதுதான். ஆனால் பழைய செட்டிங்கோடு இதை மாட்டிவிடாதீர்கள். ஈக்குவலைசேஷனைக் கட்டாயம் அணைக்க வேண்டும். என்னுடையதில் 16 செல், ஒரு செல்லுக்கு மூன்றரை வோல்ட் கணக்கில் மேல் வரம்பு 56, ஃப்ளோட் 54.

வோல்டேஜைப் பார்த்து எவ்வளவு மீதி இருக்கிறது என்று சொல்வதும் இதில் நடக்காது. 40 சதவீதத்திலிருந்து 80 வரைக்கும் போனாலும் ஒரு வோல்ட்கூட மாறாது, மோட்டார் போட்டால் அதைவிட அதிகமாக ஆடும். அதனால் பேட்டரிக்குள் இருந்து செல்களைக் கண்காணிக்கும் பிஎம்எஸ் சர்க்யூட்டையும் இன்வர்ட்டரையும் ஒரு கேபிளால் இணைத்து, சதவீதத்தை வைத்தே எல்லாம் நடக்கும்படி செய்தோம். கோடையில் 25 சதவீதத்தில் லைனுக்கு மாறும், மழைக்காலத்தில் 60. தினமும் நூறு வரை ஏற்றி வெயிலில் சும்மா வைப்பது இந்த வகைக்கு நல்லதில்லை என்பதால் 90-ல் நிறுத்துகிறேன். வாரம் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை, நூறு வரை போக விடுவேன். செல்கள் தங்களுக்குள் சமமாவது மேல் பகுதியில்தான் நடக்கும், அதை விட்டுவிட்டால் மீதி எவ்வளவு என்று பிஎம்எஸ் காட்டும் கணக்கும் நாளடைவில் பிசகும்.

அந்த வருஷமே நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தது. கரையைக் கடந்தது புதுச்சேரி பக்கம்தான், ஆனாலும் அதற்கு முன்பே டெல்டாவில் கொட்டித் தீர்த்துவிட்டது. வானிலை அறிவிப்பு வந்த அன்றே லைன் சார்ஜைத் திறந்துவிட்டு நூறு வரை ஏற்றிவிட்டேன். லைன் கரண்டைப் பேட்டரிக்குள் தாராளமாக விடுவது வருஷத்தில் இந்த மாதிரி சில நாள்தான், அதற்காகவே அது இருக்கிறது. ராத்திரி கரண்ட் போய் மறுநாள் மதியம் வந்தது, ஃப்ரிட்ஜும் இரண்டு ஃபேனும் ஓடிக்கொண்டே இருந்தன, காலையில் பார்த்தபோது 58 சதவீதம் மீதி. மழைக்குள்ளேயும் பேனல் 300 வாட் கொடுத்துக்கொண்டிருந்தது.

இப்போது எங்கள் தெருவில் மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் நான்கைந்து பேர் பேனல் போட்டிருக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் வந்த திட்டம், மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம். நல்ல திட்டம், பில்லைக் குறைக்க அதைவிடச் சிறந்த வழி இல்லை. ஆனால் வாங்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள், லைனோடு மட்டும் இணைந்த அந்த வகையில் பேட்டரி இருக்காது, கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும், நடுப்பகலாக இருந்தாலும். லைனில் வேலை பார்க்கும் ஆளுக்கு நம் வீட்டிலிருந்து ஷாக் அடித்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி நிறுத்துவது சட்டப்படி அவசியம். எங்கள் கடலோரப் பகுதியில் புயல் நினைவு இருக்கும் எந்த வீட்டுக்கும் கொஞ்சமாவது பேட்டரி வேண்டும் என்பது என் கருத்து. ஃப்ரிட்ஜ், இரண்டு ஃபேன், நான்கு லைட், இவ்வளவுக்குப் போதுமான சின்ன பேட்டரி இருந்தாலும் சரி.

நான் வெளியூர் போகும் நாட்களுக்காக அம்மாவுக்கு ஒரு தாளில் எழுதி, இன்வர்ட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். சாயந்திரம் ஆறு மணிக்குச் சதவீதம் பார்க்கவும். 80-க்கு மேல் இருந்தால் எதுவும் செய்ய வேண்டாம். 50-க்குக் கீழே இருந்து, மழையும் இருந்தால், சார்ஜ் எதிலிருந்து ஏற வேண்டும் என்கிற பதினாறாம் நம்பர் செட்டிங்கை மாற்றவும், எந்தப் பொத்தானை எத்தனை தடவை அழுத்த வேண்டும் என்று படமும் போட்டிருக்கிறேன். போன ஐப்பசியில் நான் சென்னையில் இருந்தபோது ராத்திரி ஏழு மணிக்கு அம்மா கூப்பிட்டார். "46 காட்டுச்சுப்பா, வானம் கருகருன்னு இருக்கு, மாத்திட்டேன். இப்ப ஏறுது. காலையில வெயில் வந்தா திருப்பி வச்சிடவா?"

வைத்துவிடுங்கள் என்று சொன்னேன்.